குறைமாதக் குழந்தைகளுக்காக ஓடிய 89 வயதுத் தாத்தா!

2000ஆம் ஆண்டு, ஏப்ரல் 16ந் தேதி. லண்டன் நகரத் தெருக்களின் இரு மருங்கிலும் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவே ஆயிரக்கணக்கானவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அது மாரத்தான் ஓட்டம். தூரம் 26 மைல் 385 கெஜம். அதாவது 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவர். தலையில் தலைப்பாகை. மார்பில் புரளும் வெண்தாடி. குச்சி குச்சியாய்க் கால்கள். வயது என்ன தெரியுமா? 89!

முதலில் வந்தவர் 2 மணி 6 நிமிடத்தில் ஓடி முடித்துவிட்டார். கிழவருக்கு 6 மணி 54 நிமிடம் பிடித்தது. அதனால் என்ன? அவர் பரிசுக்காக ஓடவில்லை. மாதம் நிறையாமல் பிறந்துவிட்ட பச்சிளம் சிசுக்களுக்குப் பணம் திரட்டுவதற்காக ஓடினார்.

அவர்தான் பௌஜா சிங்.

நடக்க வராத பிள்ளை

பஞ்சாபில் ஜலந்தர் அருகே உள்ள பியாஸ் பிண்ட் என்ற கிராமத்தில், 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 1ந் தேதி பிறந்தவர் பௌஜா சிங். ஐந்து வயது வரை அவருக்கு நடக்க வரவில்லை. கால்கள் அவ்வளவு மெலிவு. ஊர்ப் பிள்ளைகள் “டண்டா” என்று கேலி செய்தார்கள். டண்டா என்றால் குச்சி.

பிறகு கால் ஊன்றி நடந்தார். ஏர் பிடித்தார். கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகுட்டிகளைப் பெற்றார். வயலும் வீடுமாகவே 80 வருஷம் ஓடிவிட்டது.

1992இல் மனைவி காலமானார். 1994இல் அதைவிடப் பெரிய இடி விழுந்தது. மகன் குல்தீப் அவர் கண்ணெதிரே விபத்தில் மாண்டுபோனார். பெற்ற பிள்ளைக்குக் கொள்ளி வைக்கும் துயரத்தை எந்தத் தகப்பனால் தாங்க முடியும்? கிழவர் இடிந்துபோனார்.

லண்டன் பக்கம் இல்போர்டில் இருந்த இன்னொரு மகன் அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டார். பாஷை தெரியாத ஊர். குளிர். தனிமை. வீட்டுக்குள் உட்கார்ந்தால் செத்த மகனின் முகமே கண்ணில் நின்றது. ஆகவே வெளியே வந்து நடந்தார். நடை ஓட்டமாயிற்று.

கோட்டு சூட்டில் வந்தார்!

ஒரு நாள் டெலிவிஷனில் மாரத்தான் ஓட்டத்தைப் பார்த்தார். “நானும் ஓடுகிறேன்” என்று கிளம்பிவிட்டார். ஹர்மந்தர் சிங் என்ற பயிற்சியாளரிடம் போனார். முதல் நாள் பயிற்சிக்கு அவர் வந்த கோலம் வேடிக்கை. கோட்டும் வெயிஸ்ட்கோட்டும் கால்சட்டையுமாகக் கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்து நின்றார்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாரத்தான் என்றால் 26 கிலோமீட்டர் என்றே அவர் நினைத்திருந்தார். 26 மைல் என்று பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அவர் பின்வாங்கவில்லை.

ஓட்டம் எப்படிப் பணமாகும்?

“தருமம் செய்வதென்றால் நேராகப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமே! எதற்காக ஓட வேண்டும்?” என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

லண்டன் மாரத்தான் 1981இல் தொடங்கியது. அதில் ஓட இடம் கிடைப்பது லேசல்ல. தரும ஸ்தாபனங்கள் சில இடங்களைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கின்றன. “இவ்வளவு பணம் திரட்டித் தருகிறேன்” என்று வாக்குக் கொடுப்பவருக்கு அந்த இடத்தைத் தருகின்றன. ஓடுகிறவர் சொந்தக்காரர், சிநேகிதர், கூட வேலை செய்பவர் என்று ஒவ்வொருவரிடமும் போவார். “நான் ஓடி முடித்தால் எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்டுத் தொகையை எழுதி வாங்குவார்.

சும்மா கை நீட்டினால் கொடுக்க யோசிக்கிறவர்கள்கூட, ஒரு மனிதன் தன் உடம்பை வருத்திக்கொள்வதைப் பார்த்தால் மனம் இளகுகிறார்கள். இப்படித் துளித்துளியாய்ச் சேர்ந்த பணம், லண்டன் ஓட்டத்தில் மட்டும், தொடங்கிய நாளிலிருந்து 100 கோடி பவுனைத் தாண்டிவிட்டது!

கண்ணாடிப் பெட்டிக்குள்

பௌஜா சிங் ஓடியது ‘பிளிஸ்’ என்ற ஸ்தாபனத்துக்காக. 1979இல் தொடங்கிய அது, குறைமாதத்திலும் நோயுடனும் பிறக்கும் குழந்தைகளுக்காகப் பாடுபடுகிறது.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. ரொம்ப முன்னதாகப் பிறந்துவிட்டால் சுவாசப்பை முதிர்ந்திராது. உடம்பில் சூடு நிற்காது. பால் உறிஞ்சத் தெம்பிராது. கண்ணாடிப் பெட்டிக்குள் கதகதப்பாக வைத்து, குழாய் வழியே பாலூட்டி, இரவு பகலாகக் காவல் காக்க வேண்டும். பெற்றவள் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நினைத்தபோது வாரி எடுக்க முடியாது.

பிள்ளையைப் பறிகொடுத்த வேதனை பௌஜா சிங்குக்குத் தெரியும். கால் வலுவற்ற குழந்தையாக இருந்த கதையும் தெரியும். எல்லோரிலும் மூத்தவர், எல்லோரிலும் இளையவர்களுக்காக ஓடினார்.

முதல் 20 மைல் கஷ்டமில்லை, கடைசி 6 மைலைக் கடவுளோடு பேசிக்கொண்டே ஓடுகிறேன் என்பார் அவர்.

சர்டிபிகேட் இல்லை

அதோடு அவர் நிற்கவில்லை. 2003இல், 92வது வயதில், கானடாவில் உள்ள டொரான்டோ நகரில் 5 மணி 40 நிமிடத்தில் ஓடினார். காலணிக் கம்பெனியின் விளம்பரத்தில் தோன்றினார்; அதில் வந்த பணத்தையும் தருமத்துக்கே கொடுத்தார். 2011இல், 100 வயதில், மறுபடி டொரான்டோவில் மாரத்தானை ஓடி முடித்தார். நேரம் 8 மணி 11 நிமிடம்!

கின்னஸ் புத்தகத்தார் மட்டும் அந்தச் சாதனையைப் பதியவில்லை. 1911ஆம் வருஷத்துப் பிறப்புச் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். பாஸ்போர்ட் இருந்தது, நூறாவது பிறந்த நாளுக்கு இங்கிலாந்து ராணி அனுப்பிய கடிதம் இருந்தது, சர்டிபிகேட் இல்லை. அந்தக் காலத்துப் பஞ்சாப் கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டுப் பிள்ளை பிறந்ததை யார் எழுதி வைத்தார்கள்?

கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் குழந்தைக்கோ பிறந்த நிமிஷமும், ஏறிய எடையும், இழுத்த மூச்சும்கூடக் கணக்கில் ஏறுகின்றன. பிறந்த நாளுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத மனிதர், அந்தக் குழந்தைகளின் கணக்கு நின்றுவிடக் கூடாதென்று ஓடினார்.

2013இல், 101 வயதில், போட்டி ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். நடையை நிறுத்தவில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலை 14ந் தேதி, பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, ரோட்டைக் கடக்கும்போது கார் மோதிக் காலமானார். வயது 114.

அவர் முதன்முதலாக ஓடிய அந்த வசந்தத்தில், லண்டன் ஆஸ்பத்திரிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தெழுந்த குழந்தைகளுக்கு, அவர் கண்மூடிய நாளில் வயது 25. கைகால் வலுவுள்ள வாலிப வயது!