அச்சக் கதையை அவையிற் படித்தல்

நல்லூர்ப் பகுதியிலே கந்தபுராணம் படிப்பதென்றால் அது ஒருவர் தனித்திருந்து செய்யுங் காரியம் அன்று. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். அருகிலிருக்கும் மற்றொருவர் அதனைப் பதம் பிரித்துப் பயன் சொல்வார். சூழ இருப்போர் செவிமடுப்பர். பயன் சொல்பவர் எங்கேனும் வழுவினால், அவையிலுள்ள வல்லார் ஒருவர் அதனைச் சுட்டவுங் கூடும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட பெருநூலை எழுத்தறியாதாரும் உள்ளத்திற் பதித்துக்கொண்டது இந்த முறையினாலேதான். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தார் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்தமைக்கும் இதுவே காரணம். இன்றும் சில கோயில்களில் இப்படனம் நிகழ்கின்றது.

இந்தப் பழைய முறையைப் புதிய வகை நூலொன்றுக்குப் பயன்படுத்தலாமா என்பதே இன்றைய பேச்சின் பொருள். நூலோ உள்ளத்தில் எழும் அச்சத்தைப் பொருளாகக் கொண்ட நாவல். 'பேய்க்கதைக்கும் புராண படனத்துக்கும் என்ன உறவு?' என்று நேயர்கள் வினவலாம். உறவு உண்டு என்பதைச் சிறிது பொறுமையோடு கேட்டால் உணர்வீர்கள்.

முதலில் அச்சம் என்பது யாது என நோக்குவோம். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் வகுத்தார். வருத்துந் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன அவை. இந்நான்கும் நமக்குப் புறத்தேயுள்ளவை. பனங்கூடலில் முனி நிற்கின்றது என்றும், வெளியிற் கொள்ளிவாய்ப் பிசாசு திரிகின்றது என்றும் நம் பாட்டிமார் சொன்ன கதைகள் யாவும் இவற்றுள் முதலாவதன் பாற்படும். அக்கதைகளிற் பேய் வெளியே நிற்கும். நாம் வீட்டினுள்ளே இருப்போம். இடையிலே கதவு இருக்கும்.

உள்ளத்து அச்ச நாவல் ஐந்தாவது நிலைக்களன் ஒன்றைக் காட்டுகின்றது. அது காண்பவரின் மனமே. இங்கே கதவைச் சாத்திப் பயனில்லை, அஞ்சப்படுவது கதவுக்கு உட்புறத்திலேயே இருக்கலாமாதலின். 'அங்கே ஒரு பேய் நின்றது' என்று கதை சொல்பவர் உரைக்கும்போது, நாம் பேயைப் பற்றி மட்டுமன்றிச் சொல்பவரைப் பற்றியும் ஐயுற வேண்டியவராகிறோம். தமிழிலே புதுமைப்பித்தன் எழுதிய 'காஞ்சனை' என்னுஞ் சிறுகதை இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வீட்டுக்கு வேலைக்கு வந்த பெண்ணைப் பற்றி எழுத்தாளர் ஒருவர் சொல்வதை நாம் கேட்கின்றோம். அவர் கண்டது கனவா நனவா என்ற ஐயம் கதை முடிந்த பின்னும் நம்மை விட்டு நீங்குவதில்லை.

நாவல் வகையில் உலகறிந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஹென்றி ஜேம்ஸ் 1898ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த ரேண் ஒவ் த ஸ்குறூ' என்னுங் குறுநாவல். திருகாணியை இன்னும் ஒருமுறை முறுக்குதல் என்பது அத்தலைப்பின் கருத்து. இந்நூல் தொடங்கும் இடமே நமக்கு வியப்பைத் தருவது. நத்தார் முன்னிரவிலே, பழைய வீடொன்றில், கணப்பைச் சுற்றிப் பலர் கூடியிருந்து பேய்க்கதை கேட்கின்றனர். அவர்களுள் ஒருவர், தம்மிடம் ஒரு கையெழுத்துப் பிரதி உண்டு என்றும், அது பூட்டிய இழுப்பறையில் இருக்கின்றது என்றுஞ் சொல்லி, அதனை வருவித்து வாசிக்கின்றார். ஆகவே இது கூடிப் படிப்போரைப் பற்றிய நூலுமாகும்.

அக்கையெழுத்துப் பிரதியை எழுதியவள் ஓர் இளம் ஆசிரியை. பிளை என்னும் நாட்டுப்புற மாளிகையிலே மைல்ஸ், புளோறா என்ற இரு பிள்ளைகளுக்குக் கற்பிக்க அமர்த்தப்படுகின்றாள். பிள்ளைகளின் பெரிய தந்தையார் விதித்த நிபந்தனை ஒன்றே: என்ன நேரினும் தமக்கு அறிவித்துத் தொல்லை தரலாகாது. மைல்சைப் பள்ளியினின்றும் விலக்கிவிட்டதாகக் கடிதம் வருகின்றது. காரணம் அதில் இல்லை. பின்னர் அவள் மாளிகைக் கோபுரத்தின்மேல் ஓர் ஆடவனைக் காண்கின்றாள். ஏரிக்கரையில் ஒரு பெண்ணைக் காண்கின்றாள். அவ்விருவரும் முன்னர் அம்மாளிகையில் வேலை செய்து இறந்துபோனவர்கள் என்று முடிவு செய்கின்றாள். பிள்ளைகளும் அவர்களைக் காண்கின்றனர், கண்டும் மறைக்கின்றனர் என்று நம்புகின்றாள். ஆனால் தாம் கண்டதாக வேறெவரும் ஒருமுறையேனும் சொல்வதில்லை.

அவள் கண்டவை மெய்யான ஆவிகளா, அவள் மனத்தின் படைப்புக்களா? 1934ஆம் ஆண்டில் எட்மன்ட் வில்சன் என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர், புரொய்ட்டின் உளநூற் கருத்துக்களைத் துணைக்கொண்டு, அவை மனத்தின் படைப்புக்களே என வாதித்தார். மறுப்போர் ஒரு வலிய சான்றைக் காட்டினர். ஆசிரியை தான் கண்ட ஆடவனின் தலைமயிர், முகம், உடை ஆகியவற்றை விரித்துரைத்ததும், மாளிகை நிருவாகியான குரோஸ் அம்மையார், இறந்துபோன பணியாளன் பீற்றர் குவின்ற் அவன் என்று பெயர் சொல்கின்றார். முன்பின் அறியாத ஒருவனின் சாயலை ஆசிரியை எங்ஙனம் புனைந்திருக்க முடியும்? இவ்வழக்கு இன்றுந் தீர்ந்தபாடில்லை. தீராமையே அந்நூலின் வலிமை எனலாம்.

இத்தகைய நூலைத் தனியே படிப்பவர் ஏதேனும் ஒரு பக்கத்திற் சாய்ந்து, மறுபக்கத்தைக் காணாமலே புத்தகத்தை மூடிவிடுவார். கூடிப் படிப்போரிடையே இது நிகழாது. ஒருவர் ஆசிரியையை நம்புவார், ஒருவர் ஐயுறுவார், பிள்ளை வளர்த்த தாயொருத்தி இருவரும் காணாததொன்றைக் காண்பாள். ஆகவே இந்நூலுக்கு அவை இன்றியமையாதது.

எவ்வாறு படிப்பது? ஏழெட்டுப் பேர் போதும். வாசிகசாலையில் ஓர் அறையோ, ஒரு வீட்டு விறாந்தையோ போதும். புராண படனத்திற் போல, ஒருவர் ஆங்கில மூலத்தை வாசிக்க, மற்றொருவர் தமிழிற் பயன் சொல்லலாம். நூல் ஒரு முன்னுரையும் இருபத்து நான்கு அத்தியாயங்களும் உடையது. மாலைக்கு நான்கு அத்தியாயமாக ஆறு மாலைகளில் முடிக்கலாம். முதல் மாலை முன்னுரையும் நான்கு அத்தியாயங்களும் படித்து நிறுத்துங்கள். அப்பொழுது ஆசிரியை அந்த ஆடவனை இருமுறை கண்டிருப்பாள்; அவன் இன்னான் என்று இன்னுந் தெரிந்திராது. 'அவன் யார்?' என்ற வினாவுக்கு ஒவ்வொருவரும் தம் விடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து வைக்கட்டும். குவின்றின் பெயர் வெளிப்படுவது ஐந்தாம் அத்தியாயத்தில். அதனைப் படித்தபின் காகிதங்களைப் பிரித்துப் பாருங்கள். நாம் எவ்வளவு விரைவாக ஒருவர் சொல்லை நம்பினோம் என்பது அங்கே தெரியவரும்.

பயன் சொல்பவர் இடையறாது ஒரு வேறுபாட்டைக் காத்தல் வேண்டும். 'ஆவி நின்றது' என்று சொல்லலாகாது. 'ஆவி நின்றதாக அவள் எழுதுகின்றாள்' என்றே சொல்லவேண்டும். சிறிய வேறுபாடுதான். ஆயினும் இருபதாம் அத்தியாயத்திலே, ஏரிக்கரையில் ஆசிரியை கைநீட்டிக் காட்ட, குரோஸ் அம்மையார் அங்கே ஒன்றையுங் காணாமல் நிற்கும் இடம் வரும்போது, இவ்வேறுபாட்டைக் காத்து வந்த அவைக்கு மட்டுமே அதன் முழு அதிர்ச்சியும் புலனாகும்.

இனி அபாயத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்றிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகைப்படலத்தால் மறு ஆண்டு ஐரோப்பாவிற் கோடைகாலமே இல்லாது போயிற்று. அந்த 1816ஆம் ஆண்டின் மழை மாதங்களிலே, ஜெனீவா ஏரிக்கரை மாளிகையொன்றிற் கவிஞர் பைரன், கவிஞர் ஷெல்லி, பின்னர் மேரி ஷெல்லி எனப் பெயர் பெற்ற இளம்பெண், மருத்துவர் பொலிடோரி முதலியோர் கூடிப் பேய்க்கதைகள் படித்தனர். மேரியின் 'பிராங்கன்ஸ்ரைன்' நாவல் அக்கூட்டத்தின் பயனாகவே பிறந்து 1818இல் வெளிவந்தது. இதனை யாவரும் அறிவர். பலரும் நினையாத நிகழ்ச்சி மற்றொன்றுண்டு. ஜூன் 18ஆந் திகதி இரவு, பைரன் கோல்ரிட்ஜின் அச்சக் கவிதையொன்றைச் சொல்லக் கேட்ட ஷெல்லி, வீரிட்டு அலறி அறையைவிட்டு ஓடினார். பொலிடோரி அவர் முகத்தில் நீர் தெளித்து ஆற்றினார். இதனைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தவரும் அவரே. கூட்டத்தில் ஒருவர் உடைந்துபோதல் கூடும். அப்பொழுது நீர் கொண்டு ஓடுபவர் ஒருவர் வேண்டும். இதுவே நாம் பெறும் பாடம்.

யாழ்ப்பாணத்திலே இந்தப் பாடம் பன்மடங்கு கனமுடையது. 1981ஆம் ஆண்டிலே பொது நூலகம் தொண்ணூற்றேழாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு எரிந்ததைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஓரிரவில் நடந்து போனவர்கள் இருக்கின்றனர். 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபோது, போனவர் திரும்பி வருவரோ என்று காத்திருந்த வீடுகள் உண்டு. இத்தகைய ஊரிலே, 'அச்சத்தைக் கற்பனையாற் கொள்ளவும் வேண்டுமா? பட்டது போதாதா?' என்று ஒருவர் கேட்டால் அவ்வினா நியாயமானது. அதற்கு விடை கூறாமல் மேலே செல்லலாகாது.

நாவல் மருந்தன்று. நெஞ்சிற் காயம்பட்டவர் நாடவேண்டியவர் மருத்துவர். கேட்க இயலாதென்பவர் வராதிருக்கலாம். நடுவில் எழுந்து போகலாம். காரணம் கேட்டல் கூடாது. இது முதல் விதியாக இருத்தல் வேண்டும். ஆயினும் பட்ட அச்சத்துக்கும் படித்த அச்சத்துக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. முன்னையது நம்மைக் கேட்டு வந்ததன்று. பின்னையதை நாமே திறக்கின்றோம். வேண்டாதபோது நாமே மூடுகின்றோம். மேலும், 'எனக்கு அந்த இடத்திற் பயமாக இருந்தது' என்று பிறர் முன் சொல்லிப் பழகுவதற்குக் கதை ஓர் எளிய வாயில். பிளை மாளிகையைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் தம் வீட்டைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொல்லிவிடலாம். சொல்லாமலும் விடலாம். இரண்டையும் அவை ஏற்றுக்கொள்ளும்.

இந்நூலை நான் குறிப்பாகத் தெரிந்தமைக்குக் காரணமும் இதுவே. பிளை மாளிகையில் ஆவிகள் இருந்தனவோ இல்லையோ அறியோம். அங்கே மௌனம் இருந்தது என்பதில் ஐயமில்லை. பெரிய தந்தையாருக்கு எழுதலாகாது என்பது நிபந்தனை. பள்ளியினின்று வந்த கடிதத்தைப் பற்றிச் சிறுவனிடம் ஒரு வார்த்தை வெளிப்படையாகக் கேட்கக் கடைசிவரை எவருக்குந் துணிவில்லை. பிள்ளைகள் என்ன அறிவர் என்பதை ஆசிரியை ஊகிக்கின்றாள், கேட்கின்றாளில்லை. இறுதியில் அவள் கேட்கும்போது காலங் கடந்துவிடுகின்றது. மைல்ஸ் அவள் கைகளிலேயே உயிர் துறக்கின்றான். பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் என்று பெரியோர் மறைத்தவையும், பெரியோரை வருத்தவேண்டாம் என்று பிள்ளைகள் மறைத்தவையும் எந்த ஊரில் இல்லை? பேசப்படாதது அறையிலே தங்கி வளருகின்றது. நாவல் நமக்குக் காட்டும் மெய்யான பேய் அதுதான் என்று எனக்குத் தோன்றுகின்றது.

ஒன்று சொல்லி முடிக்கின்றேன். ஹென்றி ஜேம்சின் நூல் கூட்டத்தோடு தொடங்குகின்றதேயன்றிக் கூட்டத்தோடு முடிவதில்லை. சிறுவன் இறந்ததும் நூல் நின்றுவிடுகின்றது. கணப்பைச் சுற்றியிருந்தோர் என்ன சொன்னார்கள், எவ்வாறு எழுந்து போனார்கள் என்று ஆசிரியர் சொல்லவில்லை. அந்தக் குறையை நிரப்பவேண்டியவர்கள் படிப்பவர்களே. இவ்விடத்தில் நம் படன மரபு துணைநிற்கின்றது. சூரபன்மன் இருளாகவும், கடல் நடுவே மாமரமாகவும் வடிவெடுத்து அஞ்சுவித்த கதையைக் கேட்டவர்கள், அம்மாமரம் பிளந்து மயிலுஞ் சேவலுமாகியதையும் கேட்ட பின்பே வீடு சென்றார்கள். நூல் நிறைவிலே நாடும் உயிர்களும் நலம் பெறுக என்று வாழ்த்துப் பாடினார்கள்.

புதிய நாவல் நமக்கு மயிலைத் தராது. ஆதலின் ஆறாவது மாலையிலே புத்தகத்தை மூடியதும் உடனே கலைந்துவிடாதீர்கள். விளக்குகள் எரியட்டும். ஒரு கோப்பை தேநீர் அருந்துங்கள். ஒவ்வொருவரும் ஒரு வார்த்தையேனும் சொல்லட்டும். பின்னர், தனியே இருட்டில் நடக்கவேண்டியவர் எவரேனும் உளரா என்று பார்த்து, அவரோடு அவர் வீட்டுப் படலை வரைக்கும் ஒருவர் கூடச் செல்லுங்கள். அதுவே இப்படனத்தின் வாழ்த்து.