புது வீடு... பழைய பில்!

பிரிட்டனில் குடிபோகிறவர்கள் மின்சார, கேஸ் கணக்கில் ஏமாறாமல் இருக்க...

லண்டனில் வாடகை வீட்டுச் சாவியை வாங்கி, பெட்டி படுக்கையை இறக்கி, பால் காய்ச்சி முடித்த சில நாளில் வாசல் கதவுத் துவாரம் வழியாக ஒரு கடிதம் வந்து விழும். உறையில் உங்கள் பெயர் இருக்காது. ‘தி ஆக்குபையர்’ என்று மட்டும் அச்சடித்திருக்கும். பலர் அதை விளம்பரம் என்று நினைத்துப் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது எனர்ஜி கம்பெனியின் கடிதம். அந்த வீட்டில் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள், அல்லது பில்லையே அனுப்பியிருப்பார்கள்.

ஈ.பி. ஆபீஸ் ஒன்றே ஒன்று என்று பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புதிது. தமிழ்நாட்டில் சர்வீஸ் நம்பர் வீட்டோடு இருக்கும். கணக்கு ஹவுஸ் ஓனர் பெயரிலேயே ஓடும். குடித்தனக்காரர் பணத்தைக் கட்டினால் போதும். பிரிட்டனில் பெரும்பாலும் கணக்கே குடியிருப்பவர் பெயரில்தான். எந்தக் கம்பெனியிடம் வாங்குவது என்பதும் அவர் முடிவு. அந்த உரிமையால் காசு மிச்சமாகும், உண்மைதான். ஆனால் வீடு மாறுகிற வாரத்தில் அசந்துவிட்டால், முன்பு இருந்தவர் எரித்த கேஸுக்கும் நீங்கள் பணம் கட்ட நேரும். அதனால் கம்பெனி மாற்றுவது இரண்டாவது வேலை. உங்கள் கணக்கு எந்த நாளில், எந்த எண்ணில் தொடங்குகிறது என்று உறுதி செய்துகொள்வதே முதல் வேலை.

கையெழுத்துப் போடாத ஒப்பந்தம்

தெருவில் ஓடும் மின்கம்பி ஒருவருடையது, பில் அனுப்புவது வேறொருவர். லண்டனின் பெரும்பகுதியில் கம்பிகளைப் பராமரிப்பது ‘யு.கே. பவர் நெட்வொர்க்ஸ்’. மின்சாரத்தை விற்பவை பிரிட்டிஷ் கேஸ், ஆக்டோபஸ், ஓவோ, ஈ.டி.எஃப், ஈ.ஆன் நெக்ஸ்ட், ஸ்காட்டிஷ் பவர் போன்ற கம்பெனிகள். 1986-ல் பிரிட்டிஷ் கேஸ் தனியார்மயமானது. 1989-ல் வந்த மின்சாரச் சட்டம் மின்துறையையும் தனியாருக்குத் திறந்துவிட்டது. 1990-களின் கடைசியில்தான் வீட்டுக்காரர்கள் தங்கள் இஷ்டப்படி கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் நிலை முழுமையாக வந்தது.

நீங்கள் எந்தக் கம்பெனியையும் தேர்ந்தெடுக்காமல் வீட்டுக்குள் போய் ஸ்விட்சைத் தட்டினால்? ஏற்கெனவே அந்த வீட்டுக்கு சப்ளை செய்யும் கம்பெனியோடு உங்களுக்கு ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இதை ‘டீம்ட் கான்ட்ராக்ட்’ என்கிறார்கள். இதில் போடும் விலை பெரும்பாலும் கம்பெனியின் சாதாரண ‘வேரியபிள்’ கட்டணம். சந்தையில் அதைவிட மலிவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு ஆறுதல், எப்போது விட்டு வெளியேறினாலும் அபராதம் கிடையாது.

மீட்டரைத் தேடுங்கள்

சாவி கைக்கு வந்த அன்றே மீட்டரைக் கண்டுபிடியுங்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரி, வாசலுக்கு வெளியே சுவரில் பதித்த வெள்ளைப் பெட்டி, ஃபிளாட் என்றால் கீழ்த்தளத்துப் பொது அலமாரி... பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். மீட்டரின் வரிசை எண்ணும் ரீடிங்கும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி மொபைலில் படம் எடுத்து வையுங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். இரவு நேரச் சலுகைக் கட்டணமான ‘எகானமி 7’ மீட்டர் என்றால் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் எடுக்க வேண்டும். காலி செய்யும் பழைய வீட்டிலும் கடைசி நாளன்று இதே வேலை.

கேஸ் மீட்டரில் இன்னொரு சங்கதியைக் கவனியுங்கள். புதிய மீட்டர்கள் கன மீட்டரில் அளக்கும். அவற்றில் புள்ளிக்கு முன்னால் ஐந்து இலக்கங்கள். பழைய மீட்டர்கள் நூறு கன அடியை ஒரு யூனிட்டாக அளக்கும். நான்கு இலக்கங்கள், பக்கத்தில் கன அடிக் குறியீடு. ஒரு கன மீட்டர் கேஸ் என்பது சுமார் 11 கிலோவாட் மணி. நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர், அதாவது 31 கிலோவாட் மணிக்கு மேல்.

மூன்று மாதத்தில் உங்கள் மீட்டர் 80 யூனிட் ஓடியிருக்கிறது, கிலோவாட் மணிக்கு 6 பென்ஸ் விலை என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டர் கணக்கில் பில் சுமார் 54 பவுண்டு. கம்பெனியின் பதிவேட்டில் உங்கள் மீட்டரைக் கன அடி மீட்டர் என்று தவறாகக் குறித்திருந்தால் அதே 80 யூனிட்டுக்கு 152 பவுண்டு வந்து நிற்கும். பில் திடீரென்று மூன்று மடங்கு ஆகிவிட்டதா? ஹீட்டரைத் திட்டுவதற்கு முன்னால் பில்லில் போட்டிருக்கும் அளவை மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

யார் உங்கள் சப்ளையர்?

வீட்டு ஏஜென்ட்டிடமோ ஓனரிடமோ கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால், கேஸுக்கு ‘ஃபைண்ட் மை சப்ளையர்’ என்ற இணையச் சேவை இருக்கிறது. மின்சாரத்துக்கு அந்தப் பகுதியின் கம்பிகளைப் பராமரிக்கும் நிறுவனத்தைக் கேட்கலாம். இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனி அடையாள எண் உண்டு: மின்சாரத்துக்கு எம்-பான், கேஸுக்கு எம்.பி.ஆர்.என்.

சப்ளையர் யார் என்று தெரிந்ததும் மூன்று விஷயம் சொன்னால் போதும்: உங்கள் பெயர், குடிவந்த தேதி, அன்றைய ரீடிங். முன்பு இருந்தவர் வைத்துப்போன பாக்கிக்கு நீங்கள் பொறுப்பல்ல. வசூல் கடிதம் அவர் பெயரில் வந்தால், வாடகை ஒப்பந்தத்தின் நகலை அனுப்பி விஷயத்தை முடித்துக்கொள்ளலாம். மாறாக, கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பாக்கி உங்கள் கணக்கிலேயே ஏறும். உங்கள் பாக்கி 28 நாளைத் தாண்டினால், வேறு கம்பெனிக்கு மாறவிடாமல் தடுக்கும் உரிமை பழைய கம்பெனிக்கு உண்டு.

பழைய வீட்டுக்கான கடைசி பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் டைரக்ட் டெபிட்டில் கூடுதலாகக் கட்டிய பணம் இருந்தால், கடைசி பில் வந்த பத்து வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். புது முகவரியைக் கொடுக்காமல் வந்துவிட்டால் இந்தப் பணம் கேட்பாரற்றுக் கிடக்கும்.

மாறுவதா, இருப்பதா?

மாறுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. புதிய கம்பெனியிடம் சேர்ந்தால், பழையதிடம் அவர்களே பேசிக்கொள்வார்கள். 2022 ஜூலை முதல் ஐந்து வேலை நாளில் மாற்றம் முடிந்துவிடுகிறது. அதே கம்பி, அதே குழாய்; ஒரு நிமிடம்கூட சப்ளை நிற்காது. மனசு மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். விலை மாறாத ‘ஃபிக்ஸ்ட்’ ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் பாதியில் விலகினால் கம்பெனி கட்டணம் கேட்கலாம். கடைசி 49 நாளில் மட்டும் அப்படிக் கேட்கக் கூடாது.

எது மலிவு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘பிரைஸ் கேப்’ என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொகை செய்தியில் வரும். அந்தத் தொகைக்கு மேல் பில் வராது என்று நினைத்தால் தப்பு. கட்டுப்பாடு யூனிட் விலைக்கும் தினசரி நிலைக் கட்டணத்துக்கும்தான். செய்தியில் வருவது ஒரு சராசரி வீட்டுக்கான கணக்கு. 2023 அக்டோபரில் அந்தச் சராசரியை ஆண்டுக்கு 2,700 கிலோவாட் மணி மின்சாரம், 11,500 கிலோவாட் மணி கேஸ் என்று கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஜெம் வைத்தது. கூடுதலாகச் செலவழித்தால் கூடுதல் பில்தான்.

‘ஸ்டாண்டிங் சார்ஜ்’ எனப்படும் நிலைக் கட்டணம், ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டி வைத்தாலும் ஓடும். கணக்குக்காக இரண்டு மின்சாரத் திட்டங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் நாளுக்கு 40 பென்ஸ், யூனிட் (ஒரு கிலோவாட் மணி) 28 பென்ஸ். இரண்டாவதில் நாளுக்கு 60 பென்ஸ், யூனிட் 26 பென்ஸ். யூனிட் விலையை மட்டும் பார்த்தால் இரண்டாவது மலிவு. ஆனால் நிலைக் கட்டணத்திலேயே அது ஆண்டுக்கு 73 பவுண்டு அதிகம். ஆண்டுக்கு 3,650 யூனிட்டுக்கு மேல் எரிப்பவருக்கே அது லாபம். தனியாகத் தங்கி 1,800 யூனிட் எரிக்கும் மாணவருக்கு முதலாவதுதான் சரி. 37 பவுண்டு மிச்சம்.

மலிவு ஒன்றையே பார்த்தவர்கள் 2021-ல் ஒரு பாடம் கற்றார்கள். மொத்தச் சந்தையில் கேஸ் விலை எகிறியதும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட சப்ளையர்கள் மூடினார்கள். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை வைத்திருந்த ‘பல்ப்’ கம்பெனி அந்த நவம்பரில் அரசின் செலவில் ஓட வேண்டிய நிலைக்கு வந்து, பிறகு ஆக்டோபஸ் கைக்குப் போனது. கம்பெனி மூடினாலும் விளக்கு அணையாது. ஆஃப்ஜெம் வேறொரு கம்பெனியிடம் ஒப்படைக்கும். அந்த இடைவெளியில் அவசரப்பட்டு மாறாமல், ரீடிங்கைக் குறித்துக்கொண்டு புது கம்பெனியின் கடிதத்துக்குக் காத்திருப்பதே நல்லது.

“தம்பி, பில் எல்லாம் நீங்களே பாருங்கோ!”

ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இலங்கைத் தமிழர் ஒருவரின் வீட்டில் அறை எடுக்கும் மாணவரிடம் ஓனர் இப்படிச் சொன்னால், அந்தப் பேச்சில் ஓர் உரிமையும் இருக்கிறது. எனர்ஜி பில் குடித்தனக்காரர் பொறுப்பு என்றால், கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருடையதே. ஓனர் நியாயமான காரணம் இல்லாமல் தடுக்க முடியாது. மீட்டர் வகையையே மாற்றுவதாக இருந்தால் மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை. பில்லும் வாடகைக்குள் அடக்கம் என்றால் கணக்கு ஓனர் பெயரில் இருக்கும், தேர்வும் அவருடையதே. பில் பணத்தை அவர் தனியாக வசூலித்தால், தான் வாங்கிய விலைக்கு மேல் யூனிட்டுக்கு ஒரு பென்னிகூட வைக்கக் கூடாது.

முன்பணம் ஏற்றும் ‘ப்ரீபேமென்ட்’ மீட்டர் இருக்கும் வீடு என்றால் கூடுதல் எச்சரிக்கை. சமையலறை இழுப்பறையில் பழைய சாவியோ கார்டோ கிடக்கும். அதில் பணம் ஏற்றிவிடாதீர்கள். முன்பு இருந்தவரின் கடன் மீட்டரில் ஏறியிருந்தால், நீங்கள் போடும் பணத்தில் ஒரு பகுதி அதற்குக் கழிந்துபோகும். சப்ளையரைக் கூப்பிட்டு உங்கள் பெயரில் புதுச் சாவி வாங்குங்கள்.

தகராறு முற்றினால்

கம்பெனி ஒழுங்காக பில் போடாமல் விட்டு, திடீரென்று பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் கலங்க வேண்டாம். தவறு உங்கள் பக்கம் இல்லாதவரை, பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய பயன்பாட்டுக்குப் புதிதாகப் பணம் கேட்க முடியாது. 2018 முதல் இதுவே விதி. புகாரை எழுத்தில் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் குறைதீர்ப்பு அமைப்பான எனர்ஜி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவு இல்லை. சாவி வாங்கிய அன்று எடுத்த அந்த மீட்டர் படம்தான் அங்கே உங்கள் சாட்சி.

கம்பெனி மாற்ற நல்ல நேரம் எது? கணக்குத் திறந்து, முதல் பில்லில் உங்கள் ரீடிங் சரியாக ஏறியிருப்பதைப் பார்த்த கையோடு மாறலாம். ஆனால் புதிய கம்பெனி சொல்லும் மாதத் தொகையை அப்படியே நம்ப வேண்டாம். அந்த மதிப்பீடு மீட்டரோடு ஒட்டிக்கொண்டு வருவது; உங்களுக்கு முன்னால் இருந்த ஐந்து பேர் குடும்பம் குளித்ததும் சமைத்ததும் அதில் இருக்கும். இரண்டு பேர் மட்டும் என்றால் சொல்லிக் குறைக்கச் செய்யுங்கள். ஜூன் மாதம் குடிபோனவர்கள் ஜனவரி பில்லைப் பார்க்காமல் தொகையை ரொம்பவும் குறைத்துவிடவும் கூடாது; கேஸின் பெரும்பகுதி குளிர்காலத்தில்தான் எரிகிறது. மாதம் ஒரு ரீடிங் வீதம் ஓர் ஆண்டு குறித்து வையுங்கள். அடுத்த முறை விலை ஒப்பிடும்போது கம்பெனியின் யூகத்தை ஒதுக்கிவிட்டு, உங்கள் சொந்த கிலோவாட் மணிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.