நீர்புகா மேற்சட்டை

நீர்புகா மேற்சட்டை என்பது மழைநீர் உட்புகாதவாறு செய்யப்பட்டு, பிற உடைகளின் மேல் அணியப்படும் சட்டை ஆகும். பேச்சு வழக்கில் இது மழைக்கோட்டு, ரெயின்கோட், ஜெர்க்கின் எனப் பலவாறு அழைக்கப்படுகின்றது. மேலை நாடுகளில் துப்பாக்கி சுடுதல், மான் வேட்டை ஆகியவற்றுக்கென இச்சட்டைகள் ஒரு தனி வகையாகவே வளர்ந்துள்ளன. இந்தியாவில் காட்டுயிர் வேட்டை சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. இங்கு இவ்வகைச் சட்டைகள் வனப் பணியாளர்கள், படைவீரர்கள், பறவை நோக்குவோர், மலையேறுவோர் ஆகியோருக்குப் பயன்படுகின்றன.

மழைநீரை வெளியே நிறுத்துவது எளிது. அதே நேரத்தில் உள்ளே உண்டாகும் வியர்வையை வெளியேற்றுவதே கடினமானது. வியர்வை வெளியேறும் வேகம் சுற்றுப்புறத்தின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. எனவே ஸ்காட்லாந்தின் மலைகளில் சிறந்ததாகக் கருதப்படும் சட்டை, சென்னையை அடுத்த ஆவடியிலோ பருத்திப்பட்டிலோ அதே பயனைத் தருவதில்லை.

வரலாறு

தமிழகத்திலும் இலங்கையிலும் மழையிலிருந்து காத்துக்கொள்ள ஓலையால் முடைந்த காப்புகள், தலைக்கு முக்காடு போல மடித்த சாக்கு, கம்பளி ஆகியவை நெடுங்காலம் பயன்பட்டன. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மழையிலும் குளிரிலும் கம்பளியைப் போர்த்தி வேலை செய்தனர். ஆட்டு மயிர் நனைந்த பின்னும் ஓரளவு வெப்பத்தைத் தக்கவைக்கும் என்பதே இதன் காரணம்.

ஸ்காட்லாந்து வேதியியலாளர் சார்லஸ் மாக்கின்டாஷ் 1823ஆம் ஆண்டில், நாப்தாவில் கரைத்த ரப்பரை இரு துணிகளுக்கு இடையே பூசி நீர்புகாத் துணியை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். இத்துணி வெயிலில் பிசுபிசுப்பாகவும் குளிரில் விறைப்பாகவும் மாறியது. 1840களில் ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை அறியப்பட்ட பின்னரே இக்குறை நீங்கியது. தாமஸ் பர்பரி 1879இல் கபார்டின் என்னும் நெருக்கமாக நெய்த துணியை உருவாக்கினார். மெழுகும் எண்ணெயும் ஊட்டிய பருத்திச் சட்டைகள் பிரித்தானிய மீனவர்களிடமிருந்து வேட்டைக்காரர்களிடம் பரவின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வகம் வென்டைல் என்னும் பருத்தித் துணியை உருவாக்கியது. நனைந்தவுடன் இதன் நூலிழைகள் பருத்து இடைவெளிகளை அடைத்துவிடும். கடலில் விழ நேரும் வானூர்தி ஓட்டிகளுக்கான உடைகளுக்கு இது பயன்பட்டது.

இந்தியாவில் சுரேந்திர மோகன் போஸ் 1920இல் கொல்கத்தாவில் தொடங்கிய வங்காள நீர்புகாப் பொருள் நிறுவனத்தின் டக்பேக் மழைக்கோட்டுகள் நாடெங்கும் பரவின. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் பாலிடெட்ராபுளோரோஎத்திலீன் என்னும் பொருளை விரைவாக இழுத்து நுண்துளைகள் கொண்ட படலமாக்கினார். இதிலிருந்து உருவான கோர்-டெக்ஸ் துணி 1976 முதல் விற்பனைக்கு வந்தது.

வகைகள்

நீரைத் தடுக்கும் முறையைக் கொண்டு இச்சட்டைகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. முழுத்தடைச் சட்டைகள். ரப்பர் அல்லது பி.வி.சி. பூசியவை. நீர் எவ்வகையிலும் புகாது. வியர்வையும் வெளியேறாது. விலை குறைவு.

2. பூச்சுச் சட்டைகள். நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூசியவை. நீராவியை ஓரளவு வெளிவிடும்.

3. படலச் சட்டைகள். துணியுடன் ஒட்டிய மெல்லிய படலம் உடையவை. நுண்துளைப் படலங்களின் துளைகள் நீராவி மூலக்கூறுகள் செல்லப் போதுமானவை. ஆனால் அப்பொருள் நீருடன் ஒட்டாததாலும், நீரின் பரப்பு இழுவிசையாலும் மழைத்துளி அவற்றினுள் நுழைய இயலாது.

4. நெருக்க நெசவு மற்றும் மெழுகுப் பருத்தி. ஓசையற்றவை, முட்களில் எளிதில் கிழியாதவை. கனமானவை, உலர நெடுநேரம் பிடிப்பவை. வெப்ப நாடுகளில் மெழுகு இளகிக் கையில் ஒட்டும்.

படலச் சட்டைகள் பெரும்பாலானவற்றின் வெளித்துணியில் நீரை விலக்கும் ஒரு மேற்பூச்சும் இடப்படுகின்றது. தாமரை இலையில் போல நீர் முத்துகளாக உருண்டு விழுவது இதனால்தான். இப்பூச்சு தேய்ந்தால் வெளித்துணி நீரை உறிஞ்சிக் கொள்ளும். அப்போது படலம் பழுதின்றி இருந்தாலும் நீராவி வெளியேறும் வழி அடைபட்டு, அணிந்திருப்பவர் தம் வியர்வையாலேயே நனைவார். சட்டை ஒழுகுகிறது எனப் பலர் கருதுவது உண்மையில் இந்நிலையே ஆகும்.

அளவீடுகள்

சட்டைகளின் அட்டையில் பொதுவாக இரண்டு எண்கள் காணப்படும்.

முதலாவது நீர்த்தம்ப உயரம். துணியின் மீது நீரின் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, எந்த உயரத்தில் நீர் கசிகின்றது என்பதை மில்லிமீட்டரில் குறிப்பர். ஐ.எஸ்.ஓ. 811 தரநிலை இச்சோதனையை விவரிக்கின்றது. இவ்வளவின் பொருளை ஒரு கணக்கால் அறியலாம். மான் வேட்டையாளரோ ஒளிப்படக் கலைஞரோ ஈரத் தரையில் குப்புறப் படுத்து, இரு முழங்கைகளின் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 20 கிலோ எடையை ஊன்றினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அழுத்தம் உண்டாகின்றது. இது 5,000 மி.மீ. நீர்த்தம்பத்துக்கு இணை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் இருசக்கர வண்டியோட்டியின் மார்பில் மோதும் மழைத்துளி, மோதும் அக்கணத்தில் ஏறத்தாழ 10,000 மி.மீ. நீர்த்தம்பத்துக்கு இணையான அழுத்தம் தர வல்லது. ஆகவே நின்று கொண்டிருப்பவருக்குப் போதுமான சட்டை, படுப்பவருக்கும் வண்டியோட்டுபவருக்கும் போதாமல் போகலாம்.

இரண்டாவது நீராவி வெளியேறும் அளவு. ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் துணி வழியே எத்தனை கிராம் நீராவி செல்கின்றது என்பதை இது குறிக்கும். 10,000 என அட்டையில் இருந்தால், மணிக்கு ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 417 கிராம் எனப் பொருள். கடுமையாக நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை சுரக்கக் கூடும். மேலும் இவ்வளவைச் சோதிக்கும் முறைகள் பல. அவை தரும் எண்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல. ஒரே முறையில் சோதிக்கப்பட்ட சட்டைகளை மட்டுமே எண் கொண்டு ஒப்பிடலாம்.

தட்பவெப்பத்தின் பங்கு

நீராவி துணியைத் தாண்டிச் செல்லக் காரணம், உட்புற, வெளிப்புற ஆவி அழுத்தங்களுக்கு இடையேயான வேறுபாடு ஆகும். வியர்வையால் நனைந்த, 33° செல்சியசில் உள்ள தோலின் அருகே ஆவி அழுத்தம் ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல். ஸ்காட்லாந்தில் 8° செல்சியசில் மழை பெய்யும்போது வெளியே அது ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல். வேறுபாடு 4. உதகமண்டலத்தில் 12° செல்சியசில் வேறுபாடு 3.6. ஆவடியில் வடகிழக்குப் பருவமழையின்போது 25° செல்சியசில், காற்று ஏறத்தாழ ஈரத்தால் நிறைந்திருக்கையில், வெளி அழுத்தமே 3 கிலோபாஸ்கல். வேறுபாடு 2 மட்டுமே.

அதாவது ஒரே படலம் ஸ்காட்லாந்தில் வெளியேற்றும் வியர்வையில் ஏறத்தாழ பாதியையே ஆவடியில் வெளியேற்றும். ஆனால் வெப்பத்தால் வியர்வையோ அங்கு சுரப்பதைவிட மிகுதியாகவே சுரக்கும். விலை உயர்ந்த படலச் சட்டை வாங்கியவர் சென்னை மழையில் புழுக்கத்தால் அவதியுறுவதற்குக் காரணம் சட்டையின் குறைபாடு அன்று. இங்கு வியர்வையைப் போக்கச் சிறந்த வழி காற்றோட்டமே. அக்குளில் திறக்கக்கூடிய பற்பிணை, முதுகில் மடிப்பால் மறைக்கப்பட்ட வலைத் திறப்பு, தளர்வான அளவு ஆகியவை படலத்தின் எண்ணைவிட மிகுந்த பயன் தரும்.

குளிர்ந்த மலைகளில் நிலைமை வேறு. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் விரைவாக இழக்கப்படும். உடலின் உள்வெப்பம் 35° செல்சியசுக்குக் கீழே செல்லும் நிலை தாழ்வெப்பநிலை எனப்படும். இது உயிருக்கு ஆபத்தானது. உறைபனி இல்லாத இடங்களிலும் இது நேரக் கூடும்.

வேட்டைக்கும் சுடுதலுக்குமான தேவைகள்

மானைப் பின்தொடர்ந்து செல்பவர் மணிக்கணக்கில் மெதுவாக நகர்ந்தும், படுத்தும், அசையாமல் காத்திருந்தும் பொழுதைக் கழிக்கின்றார். எனவே அவருக்கான சட்டையின் முதல் தேவை ஓசையின்மை. மான்களின் செவிப்புலன் மிகக் கூர்மையானது. நைலான் துணி எழுப்பும் சரசரப்பு அவற்றை விரட்டிவிடும். இதனால் பஞ்சு போன்ற மேற்பரப்புடைய பாலியெஸ்டர் அல்லது பருத்தி வெளித்துணி விரும்பப்படுகின்றது.

மான்கள் இருநிறப் பார்வை உடையவை. செம்மஞ்சள் நிறம் அவற்றுக்கு மங்கலாகவே தெரியும். நீல நிறத்தை அவை நன்கு உணரும். பல நாடுகளில் வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் தவறுதலாகச் சுடாதிருக்கச் செம்மஞ்சள் உடை அணிவது இதனால் இயல்கின்றது.

பறக்கும் தட்டுகளைச் சுடுபவர் துப்பாக்கியை விரைவாகத் தோளுக்கு உயர்த்த வேண்டும். அவருக்குத் தோளில் தடித்த தையலோ பற்பிணையோ இல்லாத, கை உயர்த்தும்போது இடுப்பு மேலேறாத வெட்டு தேவை. தலைமூடி தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். பார்வையை மறைக்கும் தலைமூடி சுடுகளத்தில் ஆபத்தானது.

தமிழ்நாட்டில்

நீலகிரியில் ஆங்கிலேயர் காலத்தில் கடமான் உள்ளிட்ட விலங்குகளின் வேட்டை பரவலாக இருந்தது. வேட்டை விலங்குகள் குறைந்ததால் 1877இல் நீலகிரி வேட்டை விலங்குகள் சங்கம் தொடங்கப்பட்டு, 1879இல் வேட்டையை முறைப்படுத்தும் சட்டமும் இயற்றப்பட்டது. அச்சங்கம் இன்று காட்டுயிர், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கமாக மாறியுள்ளது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் மான் வேட்டையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. துப்பாக்கி சுடுதல் சுடுகளங்களில் விளையாட்டாக மட்டும் தொடர்கின்றது. எனினும் மானின் அருகே ஓசையின்றிச் செல்லும் கலை, கணக்கெடுப்பாளர்களுக்கும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும் இன்றும் தேவைப்படுகின்றது. நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் மாதம் 24 மணி நேரத்தில் 800 மி.மீ.க்கும் மேல் மழை பதிவானது. இத்தகைய இடங்களில் பணியாற்றுபவர்களுக்கு நல்ல மேற்சட்டை இன்றியமையாதது.

சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடியில் படைவீரர்களின் சீருடைகளைத் தைக்கும் படைத்துறை உடைத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்ட பின், 2021 அக்டோபர் 1 முதல் இது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றது. அருகிலுள்ள பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. வலசைப் பறவைகள் வரும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றாக அமைவதால், இங்கு பறவை நோக்குவோருக்கும் மழைச் சட்டை தேவையாகின்றது.

தேர்ந்தெடுத்தல்

சமவெளியில் வண்டியோட்டுவோருக்குப் பூச்சுடைய இரு பகுதி மழை உடை போதுமானது. பற்பிணையின் மேல் மடிப்பும், தையல்களின் உட்புறத்தில் ஒட்டுப்பட்டையும் இருத்தல் வேண்டும். தையல் ஊசியின் ஒவ்வொரு துளையும் ஒரு கசிவிடம் ஆகும். போர்வை போன்ற தளர்ந்த மழை உடைகள் சக்கரத்தில் சிக்கக் கூடும். வேட்டைச் சட்டைகளின் பாசி, பழுப்பு நிறங்கள் காட்டில் நன்மை தருவன. ஆனால் மழை இருளில் ஆவடி–பூந்தமல்லி சாலையில் அந்நிறமே அணிபவரைப் பேருந்து ஓட்டுநரின் கண்ணிலிருந்து மறைக்கும். சாலைக்கு மஞ்சள் நிறமும் ஒளி எதிரொளிக்கும் பட்டையும் ஏற்றவை.

ஏரிக்கரையில் பறவை நோக்குவோருக்கு ஓசையற்ற மெல்லிய சட்டையோ, வெறும் குடையோ போதும். மலைக்காடுகளில் நெடுநேரம் இருப்போர் படலச் சட்டைக்குச் செலவிடுவது தகும். அவர்கள் உள்ளே பருத்தி பனியன் அணிவதைத் தவிர்க்க வேண்டும். பருத்தி நீரைப் பிடித்து வைத்து உடலைக் குளிர்விக்கும்.

படைவீரர் உடை போன்ற உருமறைப்பு வடிவச் சட்டைகளைப் பொதுமக்கள் தவிர்ப்பது நன்று. இந்தியத் தரைப்படை 2022 ஜனவரியில் அறிமுகப்படுத்திய சீருடை வடிவம் பதிவு செய்யப்பட்டது. படைவீரர் எனப் பிறரை நம்பச் செய்யும் நோக்கில் அத்தகைய உடை அணிவது குற்றமாகும்.

பராமரிப்பு

ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் முழுதும் உலர்த்திய பின்னரே மடிக்க வேண்டும். துணி மென்மையாக்கிகள் நீர்விலக்கும் பூச்சைக் கெடுக்கும். துவைத்து உலர்த்திய பின், அட்டையில் அனுமதிக்கப்பட்டிருந்தால், மிதமான சூட்டில் இஸ்திரி போடுவது அப்பூச்சை மீட்கும். பூச்சு முற்றிலும் தேய்ந்தால் புதிதாகத் தெளித்துக் கொள்ளலாம். பழைய பூச்சுகளுடன் தொடர்புடைய பெர்புளோரோஆக்டனாயிக் அமிலம், இயற்கையில் சிதையாது உடலில் சேர்வதால், 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. புளோரின் இல்லாத பூச்சுகள் இன்று கிடைக்கின்றன. அவை எண்ணெய் அழுக்கை அவ்வளவாக விலக்குவதில்லை. எனவே அடிக்கடி துவைக்க வேண்டும்.

பாலியூரித்தேன் பூச்சு வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் நீராற்பகுப்புக்கு உள்ளாகி, ஒட்டும் பசை போலாகி உரிந்துவிடும். அணியாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இது நிகழும். இவ்வாறு உரிந்த பூச்சை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. ஆகவே சென்னை போன்ற கடலோர நகரங்களில், எதிர்காலத் தேவைக்கென விலை உயர்ந்த சட்டையை முன்கூட்டியே வாங்கி வைப்பது பயனற்றது. தேவைப்படும் பருவத்தில் வாங்கி, காற்றோட்டமான இடத்தில் மடிக்காமல் தொங்கவிடுவதே அதன் ஆயுளை நீட்டிக்கும் எளிய வழி ஆகும்.