கொடுத்து வைத்த மாடு!

அப்பாவுக்கு வழக்கமான மாத்திரை வாங்க டி.பி. ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். அலமாரியில் 'திராட்சை விதைச் சத்து' என்று ஒரு டப்பா. விலையைப் பார்த்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டது. அடடா, சின்ன வயசிலிருந்து 'தூ... தூ...' என்று துப்பியது இத்தனை பணமா! அப்பாவுக்கு ஒன்று வாங்கிவிட்டேன்.

பக்கத்து ஜூஸ் கடையில் பையன் பன்னீர் திராட்சைச் சக்கையை வாளியில் கொட்டிக்கொண்டிருந்தான். "இதை என்னப்பா பண்ணுவே?"

"மாட்டுக்குங்ணா. சாயந்திரமா வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க."

கொடுத்து வைத்த மாடு!

ஒயின் ஆலைகளில் இதே கதை டன் கணக்கில் நடக்கிறது. 100 கிலோ திராட்சையில் 20, 25 கிலோ சக்கையாக மிஞ்சும். 'பாலிபீனால்' என்கிற சமாச்சாரத்தில் பெரும்பங்கு கொட்டையில், மிச்சத்தில் அநேகம் தோலில். சதையில் இருப்பது வெறும் கொசுறு. ஒயினில் ஒரு பகுதிதான் இறங்குகிறது, மீதி சக்கையோடு போச்சு.

எடுக்கிற வித்தை எளிது. பூசணம் பிடிக்குமுன் காயவைத்து, அரைத்து, ஆல்கஹால் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்தால் தூள். காஸ்ட் அக்கவுண்டன்சியில் 'பை-புராடக்ட்' என்று உருப்போட்டோமே, அதேதான். கச்சாப்பொருள் கிட்டத்தட்ட இனாம், காயவைக்கிற செலவுதான் கையைக் கடிக்கும்.

புனே அருகே மாஞ்சரியிலுள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம், ஜூஸுக்கென்றே 'மாஞ்சரி மெடிகா' ரகத்தை உருவாக்கி, அதன் சக்கையில் பிஸ்கட்டே போட்டிருக்கிறது. நம் பங்குக்கு, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை இருக்கிறது. ஆனால், தோலில் பூச்சிமருந்தும் தங்கும். சோதிக்காமல் தூளாக்கினால் விஷத்தையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய கதைதான்.

இன்னொரு கூத்து. இந்தச் சரக்கை 1947-ல் பிரான்சின் ஜாக் மாஸ்கெலியே முதலில் பிரித்தெடுத்தது நிலக்கடலையின் சிவப்புத் தோலிலிருந்து! திராட்சைக் கொட்டையெல்லாம் அப்புறம்தான். கடலையை ஊதி ஊதித் தின்கிற கொங்கு மகாஜனங்கள் கவனிக்க.

டப்பாவோடு டாக்டரிடம் போனேன். "உங்கப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். இதையும் சேர்த்தா ரத்தக்கசிவு வரலாம். பி.பி. கொஞ்சூண்டு குறையுதுன்னு சில ஆய்வு சொல்லுது, அவ்வளவுதான். பழமா அளவோட சாப்பிடட்டும்" என்றார். கடையில் டப்பாவுக்குப் பணம் திரும்பவில்லை. பதிலுக்கு ரெண்டு ஷாம்பு பாட்டில் தந்தார்கள். அப்பாவுக்கு வழுக்கை!

ராத்திரி அரைக்கிலோ பன்னீர் திராட்சையை முன்னால் வைத்து, "கொட்டையையும் மெல்லுங்கப்பா" என்றேன்.

ஒன்றைக் கடித்து முகத்தைச் சுளித்தார். "துவர்க்குதுடா சாமி!"

அந்தத் துவர்ப்புதான் சரக்கே.