ஓரத்தில் இருப்போர்க்கும் விதி உண்டு

விளையாட்டு விதிகள் என்றால் அவை திடலில் இறங்கி ஆடுவோர்க்கு மட்டுமே உரியவை என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். ஓரத்தில் அமர்ந்து தம் முறைக்காகக் காத்திருப்போர்க்கும் விதிகள் உண்டு. அவற்றை மீறினால் ஆட்டம் கெடும். சில வேளைகளில் உயிருக்கே ஊறு நேரும். இவ்வுண்மையை அமெரிக்க நாட்டவர் பெரிதும் விரும்பி ஆடும் பேஸ்பால் ஆட்டத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின், இதன் உறவான சாஃப்ட்பால் ஆட்டத்தைக் காணக்கூடும். ஆதலின் இதனை அறிந்து வைத்திருப்பது அவர்களுக்குப் பயன் தரும்.

முதற்கண் ஆட்டத்தின் அமைப்பைக் காண்போம். திடலில் சதுர வடிவில் நான்கு தளங்கள் இருக்கும். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 90 அடி, அதாவது ஏறத்தாழ 27 மீட்டர் தூரம். ஓர் அணியினர் ஒன்பது பேர் திடலில் நின்று பந்தைத் தடுப்பர். மற்றோர் அணியினர் ஒருவர்பின் ஒருவராக வந்து மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுவர். முதலாம், இரண்டாம், மூன்றாம் தளங்களை மிதித்து, புறப்பட்ட தாய்த்தளத்திற்கே திரும்பி வருபவர் தம் அணிக்கு ஓர் ஓட்டத்தை ஈட்டித் தருகிறார்.

அவ்வாறாயின், பந்தடிக்கும் அணியில் எஞ்சியோர் எங்கே இருப்பர்? அவர்களுக்கென அமைந்த இடமே 'டக்அவுட்' ஆகும். தோண்டப்பட்ட இடம் என்பது அச்சொல்லின் பொருள். பின்னால் இருக்கும் பார்வையாளரின் கண்ணை மறைக்காதவாறு, பெரும்பாலும் இது திடலின் மட்டத்தினின்று சற்றுத் தாழ்வாகவே அமைக்கப்படுகிறது. கூரையும் நீண்ட இருக்கையும் இதில் உண்டு.

ஆட்டம் நடக்கும்போது டக்அவுட்டிற்கு வெளியே இருக்கத் தக்கவர் யாவர் என்பதை விதிநூல் தெளிவாக வரையறுக்கிறது. பந்தடிப்பவர், தளங்களில் ஓடுபவர், அடுத்து அடிக்கக் காத்திருக்கும் ஒருவர், முதலாம் மூன்றாம் தளங்களின் அருகே நின்று ஓடுவோர்க்கு வழிகாட்டும் பயிற்றுநர் இருவர், ஆட்டத்தில் நுழைய ஆயத்தமாகும் மாற்று ஆட்டக்காரர் ஆகியோரே அவர்கள். ஏனையோர் உள்ளேயே இருத்தல் வேண்டும். மீறுபவரை நடுவர் எச்சரிக்கலாம். அதன்பின்னும் திருந்தாவிடில் திடலை விட்டே வெளியேற்றலாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் விதிகளும் இவ்வாறே முதலில் எச்சரிக்கையும் பின்னர் வெளியேற்றமும் என வகுத்துள்ளன.

ஈண்டு மற்றொன்றையும் அறிதல் வேண்டும். பேஸ்பாலில் பந்துக்கு 'உயிர்' உண்டு என்பர். நடுவர் ஆட்டத்தைத் தொடங்கிவைத்ததும் பந்து உயிர் பெறுகிறது. அவர் ஆட்டத்தை நிறுத்தியதும் அஃது உயிரற்றதாகிறது. பந்து உயிரோடு இருக்கும் வரையில் எவரும் ஓடலாம், எவரும் ஆட்டமிழக்கலாம். டக்அவுட்டை விட்டு வெளியேறுதல் பெருங்குற்றமாவது இந்த வேளையில்தான்.

இவ்விதி எதற்காக? முதற்காரணம், பந்தைப் பிடிப்பவர்க்கு வழிவிடல் வேண்டும் என்பதாகும். உயர எழும்பிய பந்தை அண்ணாந்து பார்த்தபடி ஓடிவருபவர் எதிரில் நிற்பவரைக் காணமாட்டார். பந்தடிக்கும் அணியைச் சேர்ந்த ஒருவர் வெளியே நின்று அவரைத் தடுத்துவிட்டால், பந்தை அடித்தவரே ஆட்டமிழந்தவராக அறிவிக்கப்படுவார். குற்றம் ஒருவருடையது, தண்டனை மற்றொருவர்க்கு!

இரண்டாங்காரணம், உயிர்க்காப்பு. பேஸ்பால் பந்து ஏறத்தாழ 145 கிராம் எடையுள்ள கடினமான பந்து. நன்கு அடிபட்ட பந்து மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பறப்பதுண்டு. 2007ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், முதலாம் தளத்தருகே நின்றிருந்த மைக் கூல்பா என்னும் பயிற்றுநர் அத்தகைய பந்து தாக்கி உயிர் நீத்தார். அவர் நிற்க வேண்டிய இடத்தில் நின்றவர், விதியை மீறாதவர். அதன் பின்னர், 2008ஆம் ஆண்டு முதல் அப்பயிற்றுநர்களும் தலைக்கவசம் அணிதல் கட்டாயமாயிற்று. நிற்க உரிமை பெற்றவர்க்கே இத்துணை இடர் என்றால், உரிமையின்றி வெளியே வருபவர் நிலை என்ன?

மூன்றாவதாக, மாணவர்கள் மறவாதிருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். 2002ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரில் உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டம் நடைபெற்றது. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் மேலாளர் டஸ்டி பேக்கர். அவருடைய மகன் டேரன், அடித்து முடித்தோர் போட்டுச் செல்லும் மட்டைகளை எடுத்துவரும் பணியில் இருந்தான். அவனுக்கு வயது மூன்றே! கென்னி லாஃப்டன் என்னும் ஆட்டக்காரர் பந்தை நெடுந்தூரம் அடித்துவிட்டு ஓடினார். அவர் விட்டுச்சென்ற மட்டையை எடுக்கச் சிறுவன் தாய்த்தளத்தை நோக்கி ஓடினான். பந்து இன்னும் உயிரோடு இருந்தது. மூன்றாம் தளத்தைக் கடந்து டேவிட் பெல் என்பவர் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தார். அவருக்குச் சற்று முன்னர்த் தாய்த்தளத்தை மிதித்த ஜே. டி. ஸ்னோ என்பவர் சிறுவனைக் கண்டார். ஓடிய ஓட்டத்திலேயே அவனுடைய மேற்சட்டையைப் பற்றித் தூக்கி அப்புறப்படுத்தினார். நொடிப்பொழுது தவறியிருப்பின் என்ன ஆகியிருக்கும்!

அச்சிறுவன் குறும்பு செய்யவில்லை. தனக்கிட்ட பணியைத்தான் ஆர்வத்தோடு செய்தான். ஆயினும் அதற்குரிய வேளை அதுவன்று. இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், அப்பணிக்கு 14 வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது.

டக்அவுட்டை விட்டு வெளியே வர இடமுள்ள வேளைகளும் உண்டு. அடித்த பந்து எல்லைச் சுவரைத் தாண்டிவிட்டால் பந்து உயிரற்றதாகிவிடும். தோழர்கள் தாய்த்தளத்தருகே வந்து அடித்தவரை வரவேற்கலாம். ஆயினும் அவர் எல்லாத் தளங்களையும் மிதித்து முடிக்கும் வரையில் பொறுத்தல் வேண்டும். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், நியூயார்க் மெட்ஸ் அணிக்கும் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டம் 15ஆம் சுற்று வரை நீண்டது. மூன்று தளங்களிலும் ஆட்டக்காரர் நிற்க, மெட்ஸ் அணியின் ராபின் வென்ச்சுரா பந்தைச் சுவருக்கு அப்பால் அடித்தார். நான்கு ஓட்டங்கள் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் தோழர்கள் மகிழ்ச்சி மிகுதியால் வழியிலேயே அவரைச் சூழ்ந்து தூக்கிவிட்டனர். அவர் இரண்டாம் தளத்தையே அடையவில்லை. வெற்றிக்குரிய ஓர் ஓட்டமே கணக்கிற் கொள்ளப்பட்டு, ஆட்டம் 4-3 என முடிந்தது. அவருடைய பேரடி ஒரு தள அடியாகவே ஏட்டில் பதிவாயிற்று.

மாணவர்களே! நம் பள்ளி விளையாட்டுப் போட்டியில், தம்பி முந்தி வருகிறான் என்று களிப்புற்று அண்ணன் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். அன்பு குற்றமன்று. ஆனால் அவன் ஓடிய வழியில் வேறொரு பிள்ளையும் ஓடி வருகிறான் என்பதை அவன் எண்ணுவதில்லை.

அன்று தூக்கிக் காக்கப்பட்ட டேரன் பேக்கர் வளர்ந்து ஆட்டக்காரரானார். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்காக டக்அவுட்டினின்று வெளியே வந்தார். இம்முறை பிறர் மட்டையை எடுக்க வரவில்லை. தம் மட்டையோடு தம் முறைக்கு வந்தார். முதல் முறையிலேயே பந்தை வெற்றிகரமாக அடித்துத் தளத்தை அடைந்தார்.

ஓரத்தில் அமர்ந்திருப்பவர் ஆட்டத்திற்குப் புறம்பானவர் அல்லர். தம் முறை வரும்வரை அவர் ஆற்றும் கடமை, தம் இடத்தில் இருத்தலேயாகும். கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டும் மாணவனும் ஆட்டத்தைக் காக்கிறான் என்பதை நம் மாணவர்கள் நினைவிற்கொள்வார்களாக.