கடன் எடுக்குமுன் கணக்குப் பார்ப்போம்: அமெரிக்காவின் போர்வைத் தையல் தரும் பாடம்

ஐக்கிய அமெரிக்காவில் பல பெண்கள் வீட்டிலிருந்தவாறே செய்யும் சுயதொழில்களுள் ஒன்று 'குவில்ட்' எனப்படும் போர்வையைத் தைத்துக் கொடுப்பதாகும். இப்போர்வை மூன்று அடுக்குகளைக் கொண்டது. துண்டுத் துணிகளை இணைத்துச் செய்த மேற்பகுதி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இம்மூன்றையும் சேர்த்துத் தைத்தால்தான் அது போர்வையாகும். மேற்பகுதியை ஆசையோடு செய்து முடிப்பவர்கள் பலர். ஆனால் கட்டிலளவு துணியைச் சாதாரண தையல் இயந்திரத்துக்குள் சுருட்டித் தைப்பது பெரும்பாடு. எனவே அந்த வேலையைக் கூலிக்குச் செய்பவரிடம் கொடுக்கிறார்கள்.

இதற்கென அமைந்ததே 'லோங் ஆர்ம்' எனும் நீண்ட கையுடைய இயந்திரம். சாதாரண இயந்திரத்தில் ஊசி ஓரிடத்தில் நிற்க, துணியை நாம் நகர்த்துகிறோம். இங்கோ 10 அல்லது 12 அடி நீளமான சட்டத்தில் துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தண்டவாளத்தின் மேல் இயந்திரமே நகரும். தைப்பவர் அதன் கைபிடியைப் பிடித்துச் சித்திரம் வரைவதுபோல் தைக்கிறார்.

ஒரு காலத்தில் கையால் தைத்தவையே உயர்ந்தவை எனக் கருதப்பட்டன. 1989 இல் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் நடந்த கண்காட்சியில் இயந்திரத்தால் தைத்த போர்வையொன்று முதன்முதலாகத் தலைசிறந்த பரிசைப் பெற்றது. அதன்பின் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது.

இனி வருமானத்தைப் பார்ப்போம். கூலி பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கிலேயே அறவிடப்படுகிறது. சதுர அங்குலத்துக்கு 2 சதம் என வைத்துக்கொள்வோம். 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள போர்வை 4,800 சதுர அங்குலம்; கூலி 96 டொலர். இயந்திரத்தை 15,000 டொலருக்கு வாங்கினால், அந்த முதலை மீட்கவே 157 போர்வைகள் தைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு என்றால் ஒன்றரை வருடம். வட்டி, நூல், ஊசி, மின்சாரம், திருத்தவேலை யாவும் இதற்குப் புறம்பானவை.

பலர் தவறுவது நேரக் கணக்கிலேயே. ஊசி ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். துணியைச் சட்டத்தில் ஏற்றுதல், பொபினில் நூல் சுற்றுதல், பிழைத்த தையலைப் பிரித்தல், வாடிக்கையாளருடன் பேசுதல் என்பனவும் உழைப்பே. எல்லாம் சேர்ந்து எட்டு மணித்தியாலம் சென்றால், செலவு கழிக்குமுன் மணித்தியாலத்துக்குக் கிடைப்பது 12 டொலர் மட்டுமே.

ஆகவே விவேகமுள்ளவர்கள் உடனே இயந்திரம் வாங்குவதில்லை. அதை மணித்தியால வாடகைக்குக் கொடுக்கும் கடைகளில் முதலில் பழகுகிறார்கள். மலிவுத் துணியில் தைத்து, மேல்நூலும் கீழ்நூலும் சமமாக இழுபடுகின்றனவா எனப் புரட்டிப் பார்க்கிறார்கள். அடித்துணி நான்கு பக்கமும் ஏறத்தாழ 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதையும், கூலியையும் முற்கூட்டியே எழுத்தில் கொடுக்கிறார்கள். வாடிக்கையாளர் சிலர் சேர்ந்த பின்னரே கடனைப் பற்றி யோசிக்கிறார்கள்.

நமது தையல் வகுப்புகளுக்கும் இது பொருந்தும். பயிற்சி முடிந்ததும் கடனில் ஓர் இயந்திரத்தைப் பெற்றுக் கொடுப்பதோடு நம் பணி முடிவதில்லை. ஒரு சட்டைக்கு எவ்வளவு நேரம் செல்கிறது, என்ன செலவு, என்ன விலை கேட்கலாம் என்று எழுதிப் பார்க்கவும் கற்பிக்க வேண்டும். உழைப்பவருக்கு நியாயமான கூலி வேண்டும் எனத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891 இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். சுயதொழில் செய்யும் தாய் அந்தக் கூலியைத் தனக்குத் தானே மறுத்துவிடலாகாது.