பள்ளி ஓரத்துத் தும்பை

மலரின் பாகங்களைக் கற்பிக்கும்போது பெரும்பாலும் செம்பருத்தியையே கையில் எடுக்கிறோம். பெரிய பூ, பாகங்கள் தெளிவாகத் தெரியும். ஆனால் செம்பருத்தி யாரோ நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி. யாரும் நடாமல் ஒரு மழைக்கு முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, ஓராண்டுக்குள் மடிந்துபோகும் செடியின் வாழ்க்கையை அது சொல்லாது. அதைச் சொல்லத் தும்பை இருக்கிறது.

குடியாத்தம் வட்டாரத்தில் தும்பையைத் தேடி அலைய வேண்டியதில்லை. வேர்க்கடலைக் கொல்லையின் வரப்பு, கவுண்டன்ய மகாநதியின் கரை, தரிசு நிலம், பள்ளிச் சுற்றுச்சுவரின் ஓரம் என வெயில் நன்றாக விழும் இடங்களில் தானே வளரும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் நிறையப் பூத்திருக்கும்.

தாவரவியலில் இதன் பெயர் லூக்கஸ் ஆஸ்பெரா. லூக்கஸ் என்பது வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆஸ்பெரா என்றால் லத்தீனில் சொரசொரப்பானது. வெளுத்த வேட்டியைத் 'தும்பைப்பூ மாதிரி' என்று நம் ஊரில் சொல்வதும் அந்த வெண்மையைத்தான். இலையைத் தடவிப் பார்த்தால் இரண்டாவது பெயரின் பொருத்தமும் புரியும்.

தொட்டும் பிரித்தும் பார்க்க

முதலில் தண்டை விரல்களுக்கு இடையில் உருட்டச் சொல்லுங்கள். உருளாது, நான்கு பட்டை தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். துளசியிலும் ஓமவல்லியிலும் இவ்விரண்டையும் காணலாம். மூன்றும் லேமியேசி குடும்பம் என்பதை மாணவர்கள் விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்து பூ. தண்டைச் சுற்றிப் பந்து போலத் திரண்டிருப்பது ஒரே பூ அல்ல, பல பூக்கள். ஒன்றை மெல்ல உருவினால் பச்சைக் குழல் போன்ற புல்லி வட்டம் செடியிலேயே நிற்க, வெள்ளை அல்லி வட்டம் தனியே வரும். ஐந்து அல்லிகள் இணைந்து இரண்டு உதடுகளாக இருக்கும். மேலுதடு மயிர் அடர்ந்த சிறு முக்காடு. கீழுதடு மூன்று மடல்களாக விரியும். நடு மடல் பெரியது.

இந்த வடிவத்துக்குக் காரணம் உண்டு. தேனீ கீழுதட்டில் இறங்குகிறது. குழலின் அடியிலுள்ள தேனுக்காகத் தலையை உள்ளே நுழைக்கிறது. முக்காட்டின் கீழ் இரண்டு நீளம், இரண்டு குட்டையாக நான்கு மகரந்தத்தாள்கள் காத்திருக்கின்றன. மகரந்தம் தேனீயின் மேல் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. 'அயல் மகரந்தச் சேர்க்கை' என்று எழுதிப் போடுவதற்கு முன், பத்து நிமிடம் செடியருகே அமைதியாக நின்று பார்க்க வைக்கலாம்.

பூ உதிர்ந்த பின் புல்லிக் குழலுக்குள் எட்டிப் பார்த்தால் நான்கு சிறு கொட்டைகள் இருக்கும். அவைதான் அடுத்த ஆண்டுத் தும்பை.

உப்பு நீர் சோதனை

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலை நம்பியே பல மாணவர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. பச்சைத் தோல் கெடாமல் இருக்கச் சேர்க்கும் உப்பு கழிவுநீரோடு நிலத்தில் சேர்ந்ததும், பாலாற்றுப் படுகையின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்ததும் அவர்கள் அறிய வேண்டிய செய்திகள். இரண்டு தொட்டிகளில் தும்பை விதையைத் தூவி, ஒன்றுக்கு நல்ல தண்ணீரும் மற்றதற்கு உப்புக் கரைத்த தண்ணீரும் ஊற்றுங்கள். முளைத்தவற்றை நாள்தோறும் எண்ணி எழுதட்டும். முடிவை நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

தமிழாசிரியரையும் அழைத்துக்கொள்ளலாம். இரு வேந்தர் எதிரெதிரே நின்று பொரும் போரைத் தொல்காப்பியம் தும்பைத் திணை என்கிறது. வீரர்கள் சூடியது இந்தப் பூவின் பெயரால் அமைந்த மாலை.

களை எடுக்கும் முன்

விழாவுக்கு முன் வளாகத்தைச் சுத்தம் செய்கிறோம். புதர் மண்டினால் பாம்பு வரும் என்ற அச்சம் நியாயமானது. நடைபாதையும் விளையாட்டுத் திடலும் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பல ஆண்டு வாழும் செடியை வெட்டினால் வேரிலிருந்து துளிர்க்கும். ஒரு பருவச் செடிக்கு விதை ஒன்றே வழி. ஆண்டுதோறும் விதை முற்றும் முன்பே பிடுங்கினாலோ களைக்கொல்லி தெளித்தாலோ, மண்ணில் இருக்கும் விதையும் தீர்ந்து சில ஆண்டுகளில் அந்த இடத்தில் தும்பை இல்லாமல் போகும். அதை நாடி வரும் தேனீக்களுக்கும் ஓர் உணவு குறையும்.

வகுப்பறைகளுக்குத் தள்ளி, சுவரோரம் பத்தடி இடம் போதும். நான்கு கல் நட்டு, 'தும்பை இடம்' என்று மாணவர்களே பலகை எழுதி வைக்கட்டும். புல்லிக் குழல்கள் காய்ந்து பழுப்பாகி, கொட்டைகள் உதிரும் வரை அங்கே கை வைக்காதீர்கள். உதிர்ந்த பிறகு காய்ந்த செடிகளை அகற்றலாம். அடுத்த மழைக்கு எத்தனை முளைக்கின்றன என்று எண்ணும் வேலையை, இப்போது ஆறாம் வகுப்பில் இருப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.